துண்டுக்கடியில் பேசிய விலை

வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில் பாதி பேரக் கதைகளாக இருக்கும். திருச்சி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் போய்வருவது திருவெறும்பூர்க்காரர்களுக்கு மதுரைக்குப் போய்வருவது போல ஆகிவிட்டபடியால், நம் பக்கத்தில் இக்கதைகளுக்குப் பஞ்சமில்லை. தெருக்கடைக்காரர் நூற்றிருபது வெள்ளி சொன்னார், நாற்பது கேட்டோம், ஐம்பதில் முடித்தோம் என்ற வகையில் அவை அமையும். எல்லாமே வெற்றிக் கதைகள். ஐம்பதுக்கு வாங்கிய அதே கைப்பையை அடுத்த தெருவில் முப்பதுக்குக் கண்டவர் வாய் திறப்பதில்லை.

இக்கதைகளில் நம் கவனத்தை ஈர்ப்பது தொகையன்று; பேரம் நடக்கும் முறை. கோலாலம்பூரின் இரவுக் கடைத்தெரு ஒன்றில் நாம் நெடுநேரம் நின்று பார்த்ததுண்டு. விற்பவருக்கு வாங்குபவர் மொழி தெரியாது. வாங்குபவருக்கு விற்பவர் மொழி தெரியாது. விற்பவர் ஒரு கால்குலேட்டரில் எண்ணைத் தட்டி நீட்டுகிறார். வாங்குபவர் அதை அழித்துவிட்டு வேறோர் எண்ணைத் தட்டித் திருப்பி நீட்டுகிறார். விற்பவர் நெஞ்சில் கைவைத்து வருந்துகிறார், மீண்டும் தட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் மற்றொரு வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்தச் சிறு திரை தெரிவதில்லை. தெரியாதபடிதான் அது பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லும் பேசப்படாமலே வணிகம் முடிந்துவிடுகிறது.

கருவி புதிது, முறை மிகப் பழையது. அதன் பழமையை அறிய நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 500, 600 ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைகளுக்கு வந்த வெளிநாட்டார் எழுதிவைத்துச் சென்றிருக்கிறார்கள். அன்று பயணி அவர்கள், கடைக்காரர் நாம்.

இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த லுடோவிகோ டி வர்த்தேமா 16ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அவருடைய பயணநூல் 1510இல் ரோமில் அச்சாயிற்று. அங்கே பெருவணிகர்கள் சரக்கு விற்கும் விதத்தை அவர் வியப்போடு விவரிக்கிறார். தரகர் ஒரு துணியை ஒரு கையால் எல்லாரும் காணப் பிடித்துக்கொள்கிறார். மறு கையால் விற்பவரின் வலக்கையில் கட்டைவிரலை அடுத்த இரு விரல்களைப் பற்றுகிறார். துணி இருவர் கைகளையும் மூடிவிடுகிறது. பிறகு பேச்சே இல்லை. விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டே ஒரு டுகாட்டில் தொடங்கி நூறாயிரம் டுகாட் வரை எண்ணிவிடுகிறார்கள். ஆம் என்பதும் இல்லை என்பதும் தொடுதலிலேயே. விற்பவர் மனத்தை அறிந்துகொண்ட தரகர், அதே துணியோடு வாங்குபவரிடம் போய் அவர் விரல்களைப் பற்றுகிறார். இப்படி இங்குமங்கும் நடந்து விலை படிகிறது.

வர்த்தேமாவுக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் முன்னதாக மா ஹுவான் வந்திருந்தார். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களில் 1413, 1421, 1431 ஆகிய ஆண்டுகளின் பயணங்களில் உடன்வந்தவர் அவர். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைத் தமிழும் சீனமும் பாரசீகமுமாகப் பொறித்து எடுத்துவந்தது அதே செங் ஹோவின் கடற்படைதான். மா ஹுவானின் தொழில் மொழிபெயர்ப்பு. ஆனால் கள்ளிக்கோட்டையில் அவரை அசத்தியது மொழி வேண்டாத ஒரு காட்சி. சீனக் கப்பல்களின் பட்டுக்கும் ஏனைய சரக்குக்கும் ஒவ்வொன்றாக விலை பேசி முடித்ததும் அனைவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். இன்ன மாதம் இன்ன நாள் கைகோத்தோம். இனி விலை ஏறினாலும் இறங்கினாலும் பின்வாங்குவதில்லை என்று தரகர் அறிவிக்கிறார். அதன்பின் செட்டிமாரும் செல்வர்களும் முத்து, பவளம், மணிகளைக் கொண்டுவருகின்றனர். 'செட்டி' என்ற சொல்லையே மா ஹுவான் சீன எழுத்தில் எழுதிவைத்திருக்கிறார். அந்த விலைப்பேச்சு ஒருநாளில் முடிவதில்லையாம். விரைந்தால் ஒரு மாதம். இல்லையேல் இரண்டு மூன்று மாதம். கணக்குப் பார்க்க அவர்களிடம் மணிச்சட்டம் கிடையாது. இரு கை இரு கால் விரல்கள் இருபதையும் கொண்டே கூட்டிக் கழித்துவிடுகிறார்கள், ஒரு சிறு பிழையும் நேர்வதில்லை என்று எழுதுகிறார். மணிச்சட்டத்தைத் தாய்ப்பாலோடு கற்ற நாட்டிலிருந்து வந்தவர் இதைச் சொல்வதன் சுவை வாசகருக்குப் புரியும்.

விரல் எந்தக் கணு எவ்வளவு என்பதை விளங்கச் சொன்னவர் பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே. 1676இல் வெளியான அவருடைய நூலில் தக்காணத்து வைரச் சுரங்கங்களில் நடக்கும் வணிகம் காட்டப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமர்ந்திருக்க, ஒருவர் தம் இடைக்கச்சையை அவிழ்த்துக் கைகளை மூடுகிறார். முழுக் கையைப் பற்றினால் ஆயிரம். எத்தனை முறை அழுத்துகிறாரோ அத்தனை ஆயிரம். ஐந்து விரலைப் பற்றினால் ஐந்நூறு, ஒரு விரல் நூறு. நடுக்கணு வரை பாதி விரல் என்றால் ஐம்பது. நுனிக்கணு மட்டும் என்றால் பத்து. ஒரு கூட்டத்தின் நடுவிலேயே ஒரே சரக்கு பலமுறை கைமாறிவிடும், சுற்றியிருப்போருக்கு எவ்வளவுக்கு என்பது தெரியாமலே என்கிறார் அவர். வாங்க வந்தவர் கோபத்தில் கத்தினால் நம் வணிகர் என்ன செய்வார் என்பதையும் அவர் குறித்திருக்கிறார். பதில் பேசாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாராம். நான்கைந்து நாள் கழித்து, கோபம் ஆறியிருக்கும் என்று கணித்துத் திரும்ப வருவாராம். இந்த நான்கைந்து நாளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நன்னூல் தகுதிவழக்கு மூன்று என்னும். அவற்றுள் ஒன்று குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் பொருள் கொள்ளும் சொல் அது. துணிக்கடியில் நடக்கும் இந்த விரல் வணிகத்தை ஓசையில்லாத குழூஉக்குறி என்று நாம் வகைப்படுத்தலாம். வகுப்பில் இப்படிச் சொன்னால் மாணவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை என்பது நம் அனுபவம்.

எதற்காக இந்த மறைப்பு? சந்தையில் ஒரு விலை வாய்விட்டு ஒலித்துவிட்டால் அது எல்லாருக்குமான விலையாகிவிடும். நாலு பேர் கேட்க எண்பது என்று சொன்னவர் அறுபதுக்கு இறங்கினால், அடுத்து வருபவர் அறுபதிலிருந்தே தொடங்குவார். வாங்குபவருக்கும் அதே சங்கடம். துணிக்கடியில் இறங்கினால் இறங்கியது எவருக்கும் தெரியாது. ஆகவே இறங்குவதில் நாணமும் இல்லை. பேரம் படியாமல் போனாலும் இருவரும் முகம் கோணாமல் பிரியலாம். மொழி வேண்டாம் என்பது மூன்றாவது வசதி. அரபியரும் குஜராத்தியரும் சீனரும் தமிழரும் கூடிய துறைமுகத்தில் இது சிறு வசதியன்று.

கள்ளிக்கோட்டைத் துணி மணப்பாறையில் துண்டாக இருக்கிறது. திருச்சியிலிருந்து 40 கி.மீ. அளவில் உள்ள அவ்வூரின் மாட்டுச்சந்தையை அறியாத தமிழர் இல்லை. 1957இல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டு அதை உறுதிசெய்துவிட்டது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இவை எல்லாம் வெளிப்படையாக, உரத்த குரலில், ஆளுக்கொரு கருத்தோடு நடக்கும். விலை என்று வந்தவுடன் தரகரின் தோளிலிருக்கும் துண்டு இறங்கிக் கைகளின்மேல் விழும். அதன்பிறகு முகங்களை மட்டுமே பார்க்க முடியும். ஒரு விரல் நூறா, ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியுமாதலால் அதைச் சொல்ல வேண்டியதில்லை. படிந்துவிட்டால் அச்சாரம், பிறகு கயிறு கைமாறும்.

இம்முறையைப் புகழ்ந்துகொண்டே போவது நம் நோக்கமன்று. துண்டு ஊரார் கண்ணை மறைப்பது போலவே உண்மையையும் மறைக்கும். விற்பவர் கையைத் தனியாகவும் வாங்குபவர் கையைத் தனியாகவும் பற்றும் தரகர், இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ளதைத் தம் மடியில் போட்டுக்கொண்டால் யார் கேட்பது? மாட்டுக்காரர்களின் நெடுநாள் புலம்பல் இது. வர்த்தேமா விவரித்த ஏற்பாட்டிலேயே இந்த ஓட்டை இருந்திருக்க வேண்டும். அவர் வியந்ததோடு நிறுத்திக்கொண்டார்.

முத்து வணிகத்தில் இந்த ஆபத்து குறைவாக இருந்ததற்குக் காரணம், துணி விழுவதற்குமுன் நடந்த அளவை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துகளை 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை உள்ள பத்துச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். உருட்சியும் ஒளியும் பார்ப்பார்கள். மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, எடையையும் எண்ணிக்கையையும் இணைத்துச் 'செவ்வு' என்ற அலகில் மதிப்பிடுவார்கள். இவ்வளவும் ஆனபின் எஞ்சுவது விகிதம் ஒன்றுதான். அதற்கே விரல். இலங்கை மரிச்சுக்கட்டியில் 1905இல் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டபோது, அரசு தன் பங்குச் சிப்பிகளை ஏலத்தில் கூவி விற்றது. முத்தாக வெளிவந்தவற்றை வணிகர்கள் துணிக்கடியில் ஓசையின்றி விற்றுக்கொண்டார்கள். தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. செவ்வுக் கணக்கு அறிந்தவர்களும் அருகிவிட்டனர்.

பேரம் பேசுவது எளிது. பேசியதில் நிற்பதுதான் வணிகம். மா ஹுவான் கண்ட கைகோப்பின் எழுத்து வடிவத்தைப் பார்க்க விரும்புவோர் சோழர் காலத்து விலையாவணங்களைப் படிக்க வேண்டும். திருச்சி - தஞ்சைச் சாலையில் போகிறவர்கள் இடப்பெயராக மட்டும் அறிந்த திருவெறும்பூரின் மலைக்கோயில் அப்பர் பாடிய தலம். எறும்பு வழிபட்டதாகச் சொல்லப்படும் ஈசன் உறையும் அக்கோயிலின் கல்வெட்டுகளில் செம்பியன் வேதிவேளான் என்ற பெருமகனின் அறக்கொடைகள் இடம்பெறுகின்றன. ஸ்ரீகண்ட சதுர்வேதிமங்கலத்துச் சபையாரையும் அங்கே சந்திக்கலாம். காவிரிக்கரை ஊர்களில் இத்தகைய கொடைகளுக்காக நிலம் விலைகொள்ளப்பட்ட ஆவணங்களில் தவறாமல் வரும் ஒரு தொடர் நம்மை எப்போதும் நிறுத்திவிடும்: 'எம்மில் இசைந்த விலைப்பொருள்'. நிலத்தின் விலை இவ்வளவு என்று ஆவணம் சொல்வதில்லை. எங்களுக்குள் இசைந்த விலை இவ்வளவு என்கிறது. அதற்குமுன் நடந்த இழுபறி கல்லில் ஏறவில்லை. துண்டு அதன்மேல் விழுந்துவிட்டது. இசைந்ததன் பின்னரோ ஆவணம் கடுமை காட்டும். விலைப்பொருள் முழுதும் பெற்றோம், இதுவே விலையோலை, இதைத் தவிர வேறு செலவோலை காட்டக் கடவதன்று என்று எல்லா வாயில்களையும் அடைத்துவிடும்.

அந்தக் கடுமை அரசனையும் விட்டதில்லை என்பதற்கு மார்க்கோ போலோ சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த அவர், கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால், கடனைத் தீர்க்காமலோ பிணை தராமலோ அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது என்ற வழக்கத்தைப் பதிவுசெய்கிறார். வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு மன்னன் பணம் தர வேண்டியிருந்தது. பலமுறை கேட்டும் கிடைக்காத நிலையில், குதிரைமேல் வந்த மன்னனைச் சுற்றி அந்த வணிகர் வட்டம் கீறிவிட்டார். மன்னன் குதிரையை நிறுத்தி, வணிகருக்கு உரியது கிடைக்கும்வரை அங்கேயே நின்றானாம். அதைத் தாமே கண்டதாகப் போலோ கூறுகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் வாழ்ந்ததாகப் பட்டினப்பாலை பாராட்டுகிறதே, அவர்களும் பேரம் பேசினார்களா? மேடைகளில் இப்பகுதியைச் சொல்லி, பழந்தமிழர் ஒரே விலைக்காரர்கள் என்று முழங்குவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நமக்கு அது பொருந்தவில்லை. நடுவுநிலையைப் பாராட்டும் பாட்டு, விலை முன்கூட்டியே ஒட்டப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகாது. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு உப்பு நிகர் என்று தெருவில் கூவிப்போகிறாள். அது கூவும் விலை. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்று வரும் ஆய்மகளோ, நெய்க்குப் பொன் தந்தால் வேண்டாம் என்று மறுத்துவிட்டு எருமையும் பசுவுமாகப் பெற்றுக்கொள்கிறாள். பொன்னை மறுக்கும் ஒருத்தி வாய்மூடி விற்றிருப்பாள் என்று நம்ப நம்மால் ஆகாது. தமிழில் பகர்தல் என்ற சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் பொருள், விற்றல் என்றும் பொருள். பகர்நர் என்றால் விற்பவர்.

நம்மவர் வெளிநாட்டுத் தெருக்களில் பேரம் பேசியதற்கும் தடயங்கள் உண்டு. சுமத்ராவின் மேற்குக்கரையில், கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாருஸ் பகுதியின் லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் பொறித்தது. கப்பல் நாயகரும் பிறரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னாக வரி செலுத்திய பின்னரே உள்ளே வரலாம் என்பது அதன் சாரம். கத்தூரி விலை ஏறி இறங்கும். எனவே வரியும் ஏறி இறங்கும். அந்த விலையை யாரோ எவரோடோ பேசித்தான் முடித்திருப்பார்கள். மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்பர். முதலீட்டை 'மோடால்' என்பர். கப்பல் 'காப்பால்', பெட்டி 'பெத்தி'. நான்கும் தமிழிலிருந்து போனவை. விலை பேசுவதைக் குறிக்கும் 'தாவார்' மட்டும் அவர்களுடைய சொந்தச் சொல். கடையும் முதலும் கப்பலும் பெட்டியும் நாம் கொண்டுபோனோம். பேரம் அங்கேயே இருந்தது.

ஆயினும் லோபு துவாவின் வணிகரையும் இரவுக் கடைத்தெருவில் கைப்பை வாங்கும் நம் சுற்றுலாப் பயணியையும் ஒரே வரிசையில் நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. செங் ஹோவின் ஆட்கள் மூன்று மாதம் காத்திருக்க முடிந்தது, செட்டிமாராலும் முடிந்தது. தவெர்னியே சொன்ன வணிகரால் நான்கைந்து நாள் எழுந்துபோய்விட முடிந்தது. பேரம் நேர்மையாக இருக்க வேண்டுமானால் இரு தரப்புக்கும் எழுந்துபோகும் வசதி வேண்டும். தெருக்கடையில் அது இருவருக்கும் இல்லை. பயணிக்கு அந்த ஊர் விலை தெரியாது, மறுநாள் விமானம். விற்பவருக்கோ அன்றைய சரக்கு அன்றே போயாக வேண்டும். காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் வட்டியோடு திருப்பும் தரைக்கடைக்காரர்கள் திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றியும் உண்டு, பாங்காக்கிலும் உண்டு. அவர்களிடம் நாம் பெறும் கடைசிப் பத்து ரூபாய்த் தள்ளுபடி பேரத்திறமையால் வந்ததன்று. பொழுது சாய்ந்ததால் வந்தது. சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு கேள் என்று பயணக் கையேடுகள் சொல்லித்தருவதைத் துணிக்கடியில் விரல் பிடித்த தலைமுறை கேட்டால் சிரித்திருக்கும். பொருளைப் பார்க்காமலே விகிதம் சொல்லும் கணக்கு எந்தச் செவ்வுக்கும் அடங்காது.

ஒரே விலை என்ற ஏற்பாடு வயதில் மிக இளையது. பாரிஸில் 1852இல் புசிக்கோ பொறுப்பேற்ற போன் மார்ஷே கடையும், அதையொட்டி அமெரிக்கப் பெருங்கடைகளும் விலைச்சீட்டை ஒட்டிப் பரப்பியது. வாங்குபவருக்கு அதனால் நன்மை உண்டு. பேசத் தெரியாதவரும் ஏமாறுவதில்லை. நம் நாட்டில் பொதியிட்ட பொருள்மீது அதிகபட்ச விலை அச்சிடப்படுவதால் சோப்புக் கட்டிக்கு எவரும் வாதாடுவதில்லை. தெருவோர வியாபாரிகளின் வாழ்வுரிமைக்கென 2014இல் தனிச் சட்டமே வந்தது. அது அவர்களுக்கு இடம் தர முயல்கிறது. விலையை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும்.

அச்சிட்ட விலையில் காணாமற்போனது ஒன்றுண்டு: கொசுறு. திருவெறும்பூர்க் கடைத்தெருவில் காய் வாங்கும்போது, பேரம் படியாமல் அம்மா சொன்ன விலைக்கே நாம் வாங்கினாலும், தராசை இறக்கிவைத்த பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் பைக்குள் விழும். அதற்கு விலை கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அதே சாலையில் குளிரூட்டிய கடையில் கறிவேப்பிலை பிளாஸ்டிக் உறையில், பட்டைக்கோடு ஒட்டி, தனி விலைக்கு அடுக்கப்பட்டிருக்கிறது.